பதினேழாம் எண் ஆணி

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டை, எங்களுக்குக் கதிர்ப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற தேன்மொழி மேடம் கொடுத்தார். பயிற்சிக்கு வந்த இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ‘இன்று கற்றது’ என்று அச்சடித்திருக்கிறது. தினமும் எழுத வேண்டுமாம். மாதக் கடைசியில் பெரிய ஒத்திகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம்.

“நான் அஞ்சாங்கிளாஸ் மேடம்” என்றேன்.

“அஞ்சு போதும். பரீட்சை இல்ல. மனசுல பட்டதை எழுதுங்க. யாரும் திருத்த மாட்டாங்க.”

என் பெயர் வியாகுலம். கடற்படைத் தளத்தில், அணுசக்தியில் ஓடுகிற கப்பலைப் பழுது பார்க்கும் மேடைக்குப் போகிற வழியில் உடை மாற்றும் அறை இருக்கிறது. அங்கே ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. உள்ளே போகிறவர்களுக்கு மஞ்சள் அங்கி கொடுப்பேன். வெளியே வருகிறவர்களிடம் அதை வாங்கித் தொட்டியில் போடுவேன். பிறகு பேட்ஜ் பலகை. அதுவும் என் பொறுப்பு.

பேட்ஜ் என்பது நெஞ்சில் குத்துகிற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு வில்லை. ஆள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அந்த வில்லை வாங்கி வைத்துக்கொள்ளும். பலகையில் அறுபது ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர். காலையில் அவரவர் ஆணியிலிருந்து பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். சாயங்காலம் திரும்ப மாட்ட வேண்டும். எடுத்தவர் பெயருக்கு நேரே ரிஜிஸ்டரில் நான் டிக் போடுவேன்.

இன்று கற்றது: இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

ஜனவரி 7, செவ்வாய்

மகள் ஜெனோவாவுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள். பேத்தி பிளெஸ்ஸியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

கையுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருவது மாதிரி உரிக்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

மருமகன் ரெமிஜியுஸ் இறந்து இன்றோடு இரண்டு மாதம். நவம்பர் ஒன்பது. ரத்தத்தில் புற்றுநோய். முப்பத்திரண்டு வயது. மேடையில் குழாய் தேய்க்கிற கூட்டத்தில் வேலை பார்த்தார். பதினேழாம் நம்பர். வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்.

அவர் பேருக்கு ஒரு பூசை எழுதி வைத்திருந்தோம். ஜெனோவா கோயிலில் அழவில்லை. வெளியே வந்து சொன்னாள்.

“எம்மா, நான் ஆபீசுல எழுதிக் கொடுத்திருக்கேன். அவியளோட பேட்ஜ் கணக்கு முழுசும் வேணும்னு.”

“எதுக்குளா?”

“எதனாலன்னு தெரிய வேண்டாமா? காசு ஒண்ணும் கேக்கல. தெரிஞ்சா போதும். டாக்டர் சொன்னாருலா, எதனாலன்னு ஒண்ணைச் சொல்ல முடியாது, பேட்ஜ் கணக்கைப் பாத்தா ஒரு ஓரமாவது தெரியும்னு.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன். என் அறையில் படுக்கப் பிடிக்கவில்லை, பாயை அடுப்படிக்கு எடுத்துவந்தேன். புது அறையில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

சுண்ணாம்பு அடித்து மூன்று வருடம் ஆகப்போகிறது. வாசனை இல்லை. நேற்று பொய் எழுதிவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

இன்று மேடம் வெளியே வருகிற முறையை ஒவ்வொருவரையாகச் செய்யச் சொன்னார். நடுவில் ஒரு தாழ்ந்த பெஞ்சு. அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கால் செருப்பு உறையைக் கழற்றி, அந்தக் காலைச் சுத்தமான பக்கம் வைத்து, பிறகு மற்ற கால். எந்தக் காலும் திரும்பிப் போகக் கூடாது.

கஸ்பார் வழக்கம்போல வேடிக்கை காட்டினான். இவன் ரெமிஜியுசோடு ஒரே கூட்டத்தில் இருந்தவன், நாற்பது வயது, வாய் சும்மா இருக்காது.

“மேடம், எங்க வீட்டம்மாவும் வாசப்படியில இதேதான் செய்யச் சொல்லுதா. மீன் நாத்தத்தோட உள்ள வராதேன்னு.”

“அவங்களை நான் வேலைக்கு எடுத்துக்கறேன், அனுப்புங்க” என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள்.

இடைவேளையில் கஸ்பார் பலகைப் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“எக்கா, ஒத்திகைக்குப் பெறகு பெரிய வேலை வருது. எனக்கு டோஸ் நிறையப் போவுது. ஒரு கூடு எடுத்து வையி.”

“என்கிட்ட கூடு கிடையாது.”

“பிஸ்கட் டப்பாவுல இருக்குமே.”

“இல்லன்னு சொல்லுதேன்லா.”

“யாருக்கெல்லாம் குடுத்த! எனக்கும் குடுத்தியே, இப்ப மட்டும் இல்லையோ?”

நான் அங்கியை மடிக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விடுமுறை. கூடு என்றால் என்ன என்று இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நினைத்தேன். மேடம் யாரும் திருத்த மாட்டார்கள் என்றார், படிக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஜெனோவாவுக்குப் பதில் வந்துவிட்டது. நான் வேலை முடிந்து வந்தபோது காகிதங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளெஸ்ஸி ஒரு ஓரத்தில் மிதித்துவிட்டது என்று அடித்திருக்கிறாள். பிள்ளை விக்கிக்கொண்டிருந்தது.

“எம்மா, இங்க பாரு. மூணு வருஷத்துக்கு முந்தி, பிப்ரவரி, மார்ச்சு. பத்தொம்பது நாள் ‘பேட்ஜ் எடுக்கவில்லை’ன்னு போட்டிருக்கு. எடுக்கலன்னா உள்ள போவலன்னுதான அர்த்தம்?”

நான் விளக்கைப் போட்டேன். வெளிச்சம் இருந்தது, இருந்தாலும் போட்டேன்.

“தளத்துக் கேட்டுல மட்டும் தினமும் உள்ள வந்திருக்காவ. கையெழுத்து இருக்கு. அப்போ எங்க போனாவ?”

“யாருகிட்ட கேட்ட?”

“ஒப்பந்தக்காரர் ஆபீசுல தங்கதுரை இருக்கான்லா, அவன்கிட்ட. சிரிக்கான். ‘தளம் பெரிய இடம், கேன்டீன்ல பொம்பளைங்களும் வேலை பாக்குறாங்க, எனக்கென்ன தெரியும்’ங்கான்.”

“அவன் கெடக்கான், நாக்குல புழு.”

“அவனை விடு. நான் நெனைச்சிப் பாத்தேன். அந்த மாசம்தான் அவிய குளிச்சிட்டு வருவாவ. தினமும் தலை ஈரமா வருவாவ. வீட்டுக்கு வந்ததும் திரும்பக் குளிப்பாவ. பிள்ளை ஓடி வந்தா ‘கிட்ட வராதே, இரு’ம்பாவ. நான் சிரிச்சேன், சுத்தக்காரன்னு. எதைக் கழுவினாவன்னு இப்பல்லா தெரியுது.”

எனக்குத் தெரியும் எதைக் கழுவினார் என்று. பெஞ்சைத் தாண்டி வந்ததும் கதிரை அளக்கிற மீட்டரை உடம்பில் காட்டுவார்கள். அது கத்தினால் குளியலறைக்கு அனுப்புவார்கள். திரும்பக் காட்டுவார்கள். திரும்பக் கத்தும். ஒரு நாள் மூன்று தடவை குளித்தார். தோல் சிவந்துபோய் வந்து, “மாமி, இன்னைக்கு என்னைய வெளுத்துட்டாவ” என்று சிரித்தார்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அடுத்ததும் வரும். சொல்லவில்லை. “சாப்பிடுளா” என்றேன்.

ஜனவரி 18, சனி

ஜெனோவா அவருடைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். செபமாலையை மட்டும் ஆணியில் விட்டிருக்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று கற்றது.

மேடம் ஒரு வெள்ளைப் பொடி கொண்டுவந்தார். விஷம் இல்லை, கதிரும் இல்லை, சும்மா விளையாட்டுப் பொடி. அதைக் குழாய், சுத்தியல், சாவி எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் தூவிவிட்டார். எல்லாரும் அங்கி போட்டு, அரை மணி நேரம் வேலை பார்க்கிற மாதிரி செய்து, முறைப்படி கழற்றிவிட்டு வந்தார்கள். பிறகு அறையை இருட்டாக்கி ஒரு நீல விளக்கை அடித்தார். பொடி பட்ட இடமெல்லாம் பச்சையாக மின்னியது. கஸ்பாருக்குக் காது. ஒருவருக்கு மூக்கு. ஒருவருக்கு உதடு.

“உதட்டுக்கு எப்படிப்பா போச்சு?” என்றார் மேடம்.

“பீடி ஞாபகத்துல கைய வச்சிட்டேன் மேடம்.”

சிரிப்பு. மேடம் விளக்கை என் பக்கம் திருப்பினார். நான் உள்ளே போகவே இல்லை. பலகைக்கு முன்னால் என் ஸ்டூலில்தான் இருந்தேன். என் பத்து விரலும் மின்னின. முந்தானையில் இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்தது. துடைத்திருப்பேன் போல.

“நீங்க எதையும் தொடலையே அம்மா?”

“பேட்ஜை வாங்கி மாட்டினேன் மேடம்.”

“பாத்தீங்களா” என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். “உள்ள போகாதவங்க கையிலயும் இருக்கும்.”

அவர் பாடத்துக்காகச் சொன்னார். நான் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டில் சோப்பு போட்டுக் கழுவினேன். சாதாரண விளக்கில் ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

எழுதிவிடுகிறேன்.

வில்லையில் ஏறிய கதிரின் அளவை டோஸ் என்பார்கள். அது வரம்பைத் தொட்டு நிறைந்துவிட்டால் அந்த ஆளை மூன்று மாதம் மேடைப் பக்கம் விடமாட்டார்கள். ஆளைக் காப்பாற்ற வைத்த சட்டம். ஒப்பந்தக்காரர் அந்த மூன்று மாதத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொள்வார், திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார், இல்லாவிட்டாலும் இல்லை. அதனால் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிறையப் போகிறது என்று தெரிந்தால் பேட்ஜை ஆணியிலேயே விட்டுவிடுவது. நெஞ்சு காலியாக இருந்தால் வாசல்காரர் பிடிப்பார் என்று, வில்லை இல்லாத உடைந்த பேட்ஜ் கூட்டைக் குத்திக்கொண்டு போவது. உடைந்த கூடுகள் என்னிடம்தான் வரும், குப்பைக்கு அனுப்ப. நான் எட்டுக் கூட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன்.

ரிஜிஸ்டரில் ‘எடுக்கவில்லை’ என்று போடுவேன். சாயங்காலம் யாரிடமிருந்து கூட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்று மறக்காமல் இருக்க, அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். யாருக்கும் தெரியாது. பார்த்தால் மை சிந்தியது மாதிரி இருக்கும்.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அக்கா அக்கா என்று சுற்றி வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜனவரி 23, வியாழன்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. விட்டுப்போகவில்லை, விட்டேன்.

மற்றவர்கள் கேட்டு வாங்கினார்கள். ரெமிஜியுஸ் கேட்கவில்லை. அந்த பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, பதினேழாம் ஆணியிலிருந்து பேட்ஜை எடுத்துக் குத்தப் போனார். நான் அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினேன். கூட்டைக் கொடுத்தேன்.

“வேண்டாம் மாமி” என்றார்.

“எல்லாவனும் செய்யுதான். உமக்கு மட்டும் என்ன? அறை பாதியில நிக்கி. மூணு மாசம் வீட்டுல இருந்தா எப்பக் கட்டி முடிப்பீரு?”

அறை எனக்காகக் கட்டியது. நான் அதுவரை வீட்டை ஒட்டிய கூரைச் சாய்ப்பில் படுத்திருந்தேன். மழைக்கு ஒழுகும். ‘மாமிக்கு ஒரு அறை போட்டுட்டுத்தான் மத்தது’ என்று அவர்தான் ஆரம்பித்தார். அவசரப்படுத்தியது நான்.

கூட்டைக் குத்திக்கொண்டு போனார். அடுத்த நாள் கேட்காமலே நானே எடுத்து நீட்டினேன். பத்தொன்பது நாள்.

அவருக்கு நோய் அதனால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்தால் ஓரமாவது தெரியும் என்றார். அந்தக் கணக்கு இல்லாமல் போனது என்னால். இனிமேல் யார் படித்துவந்து கேட்டாலும் தெரியாது.

ஜனவரி 25, சனி

ஜெனோவா அவருடைய சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். யாருக்காவது கொடுக்கப் போகிறாளாம். நீலக் கோடு போட்ட சட்டையையும் போட்டாள். கல்யாணத்துக்கு அடுத்த நாள் போட்டிருந்தது.

“அதை மட்டும் வச்சிக்கோளா.”

“யாருக்கு? எனக்கா? என்னைய ஏமாத்துனவருக்கு நான் எதுக்குச் சட்டையைக் கட்டிக்கிட்டு அழணும்? ஆஸ்பத்திரியில ஏழு மாசம் மலம் மூத்திரம் அள்ளிப் போட்டேன்மா. அப்பவும் சொல்லல பாரு, கள்ளன்.”

கள்ளன் என்கிறாள். அந்த மனுஷன் என் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை.

அறைக்குள் போனேன். டப்பாவிலிருந்து எடுத்து நான் தனியாக வைத்திருந்த கூடு பெட்டியில் இருந்தது. பின்பக்கம் கீறல் இருக்கும். அவர் குத்தியது எப்போதும் அதுதான். கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

“என்னது இது?”

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம். டோஸ், கூடு, புள்ளி, குளியல், எல்லாம். அவள் கூட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

“அவியளாக் கேட்டாவளா?”

“கேக்கல. வேண்டாம்னாவ. நான்தான் கையிலேருந்து வாங்கி மாட்டினேன்.”

“அந்தப் பத்தொம்பது நாளும் உள்ளதான் இருந்தாவளா?”

“உள்ளதான் மக்கா. குழாயிலதான் கெடந்தாவ.”

“வேற எங்கயும் போவல?”

“எங்கயும் போவல.”

அப்போதுதான் அழுதாள். இந்த இரண்டு மாதத்தில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். மூட்டையை அவிழ்த்து நீலச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தலையில் கை வைக்கப் போனேன். கையைத் தட்டிவிடவில்லை. எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். “இனி எனக்கு நீ சோறு போட்டு வைக்காதே.”

ஜனவரி 26, ஞாயிறு

படம் சுவருக்கு வந்துவிட்டது. துடைத்து மாட்டியிருக்கிறாள்.

அவளும் பிள்ளையும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். பிளெஸ்ஸி, “ஆச்சி, நீ ஏன் வரல?” என்றது. வயிறு சரியில்லை என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பழைய ரிஜிஸ்டரை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பதினேழுக்கு நேரே மட்டும் இல்லை, வேறு நம்பர்களிலும் இருந்தன. ரிஜிஸ்டரை மூடினார்.

“இதை நான் மேல கொடுத்தா உங்களுக்கு இங்க வேலை இருக்காது. தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“எவ்வளவு டோஸ்னு இதுல வராது. நான் கணக்குப் போடச் சொல்வேன். கூட வேலை பார்த்தவங்க பேட்ஜை வச்சு ஒரு குத்துமதிப்பு வரலாம். ஆனா அந்த நாட்கள்ல கூட இருந்தவங்க பேட்ஜும்…”

“ஆணியிலதான் இருந்துச்சு.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவரு உள்ள இருந்தாருன்னாவது பேப்பர்ல வரும்லா மேடம்? எம்மகளுக்கு அது போதும்னு சொல்லல. ஆனா அது வரணும்.”

“எழுதிக் கொடுங்க. தேதியோட.”

ஜனவரி 29, புதன்

கஸ்பாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பலகை முன்னால் வந்து நின்றான்.

“உனக்கு மனசாட்சி குத்துது, எங்க அடுப்புல தண்ணி ஊத்துற. அப்படித்தான?”

“ஆமா.”

“ஆமாங்கா பாரு! வெக்கமா இல்ல?”

“இருக்கு. உனக்குக் கூடு குடுத்ததுக்கும் சேத்துத்தான்.”

“என் நம்பரையும் காட்டிட்டியா?”

“ரிஜிஸ்டர்லயே இருக்கு கஸ்பாரு. நாப்பத்தொண்ணுக்கு நேரே பதினாலு புள்ளி. நீ ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்துப் பாருடா. எனக்காவ வேண்டாம், உன் வீட்டம்மாவுக்காவ.”

அவன் என்னை அசிங்கமான ஒரு வார்த்தை சொன்னான். எழுதவில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

ஜனவரி 30, வியாழன்

ஒத்திகை காலையில் நடந்தது. சங்கு ஊதியது. கப்பலில் கசிவு என்று வைத்துக்கொண்டு எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்லி, தன் பேட்ஜைத் தானே எடுத்துக் குத்தி, உள்ளே வில்லை இருக்கிறதா என்று திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று மேடம் புது முறை வைத்தார். கஸ்பார் “நாப்பத்தொண்ணு” என்று கத்தினான். திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினான். டிக் போட்டேன். பதினேழு என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆணி காலையிலிருந்தே காலி.

இதை மேடத்தின் அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றோடு பலகைச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். காலையில் கிளம்பும்போது, இன்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். ஜெனோவா வாசலில் நின்றாள். “தேதி ஒண்ணும் விட்டுராதே” என்றாள். ஐந்து நாளில் என்னிடம் பேசியது அவ்வளவுதான். ஆகையால் சரிபார்த்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 14, 15, 16, 17, 18.

பிப்ரவரி 21, 22, 23, 24, 25. இதில் 23ஆம் தேதி மூன்று தடவை குளிக்க அனுப்பினார்கள்.

பிப்ரவரி 28. மார்ச் 1.

மார்ச் 2. அன்று விபூதிப் புதன். கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு நேரே வேலைக்கு வந்தார். அங்கி போடும் முன் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 3, 4. மார்ச் 7, 8, 9.

மார்ச் 10. அன்று அறைக்குக் கதவு வைத்தார்கள்.

இந்தப் பத்தொன்பது நாளும் பதினேழாம் நம்பர் ரெமிஜியுஸ் உள்ளே இருந்தார். அவர் பேட்ஜ் வெளியே ஆணியில் இருந்தது. மாட்டியது நான், அவர் மாமியார், வியாகுலம்.